வேலியும் ஏடும்

சென்னை அசோக் நகருக்கு அடையாளமாக நிற்கும் சிங்கத் தூண் 1960களில் அந்தக் குடியிருப்போடு சேர்ந்து எழுந்தது. அதன் மூலச் சிற்பம் சாரநாத்தில் மண்ணுக்குள் கிடந்து, 1904-05 அகழாய்வில் வெளியே வந்தது. ரூபாய் நோட்டிலும் அரசு முத்திரையிலும் நாள்தோறும் கண்ணில் படுவதால், அந்தச் சிங்கங்கள் இன்னவை என்று அவ்வழியே பஸ்ஸில் போகும் பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். இந்த நிலப்பகுதி சோழர் கல்வெட்டுகளில் புலியூர்க் கோட்டம் என்று குறிக்கப்படுகிறது என்பதும், அந்தப் பழைய புலியூர் பக்கத்துக் கோடம்பாக்கம்தான் என்பதும் அதே அளவுக்குத் தெரிந்த செய்திகளாக இல்லை. ஒரு தொல்பொருள் நிலைக்க வேலியும் காவலும் மட்டும் போதுமானால் இந்த வேறுபாடு பெரிதல்ல. அவை போதவில்லை என்பதே நம் மாநிலத்தின் அனுபவம். இன்னது, இந்த ஊரினது, இந்தக் காலத்தது என்று எழுதிவைத்த ஏடு வேண்டும். அந்த ஏட்டைப் படிக்கத் தெரிந்தவர்கள் ஊருக்குள்ளேயே வேண்டும். தமிழ்நாடு அரசு தொல்லியல் துறையை 1966 முதல் 1988 வரை இயக்குநராக இருந்து நடத்திய இரா. நாகசாமியின் பணி வாழ்க்கை இதற்கு நல்ல சான்று.

கணக்கையே பாருங்கள். தமிழ்நாட்டில் மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பவை நானூற்றுச் சொச்சம் சின்னங்கள். மாநிலத் துறையிடம் இருப்பவை நூறை ஒட்டியவை. இந்து சமய அறநிலையத் துறையின் கீழோ முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கோயில்கள் இருக்கின்றன. இவை தவிர வயல் வரப்பில் சாய்ந்து கிடக்கும் நடுகல், ஏரி மதகில் பதித்த எழுத்துக் கல், புதர் மூடிய சமணப் படுக்கை எல்லாம் எந்தப் பட்டியலிலும் ஏறாதவை. இத்தனைக்கும் வாட்ச்மேன் போட எந்த அரசாலும் முடியாது. 1930இல் பிறந்த நாகசாமி சமஸ்கிருதத்தில் முதுகலை படித்து, எழும்பூர் அருங்காட்சியகத்தில் காப்பாட்சியராக வேலை தொடங்கியவர். அவர் இயக்குநரான 1966இலேயே மாநிலத்துக்கென்று தனித் தொல்லியல் சட்டமும் வந்தது. சட்டம் கையில் இருந்தும் அவர் அதை மட்டும் நம்பிக்கொண்டிருக்கவில்லை. ஆட்களை வைத்து ஊர் ஊராகக் கல்வெட்டுகளை மைப்படி எடுக்கச் செய்தார்; மலிவு விலையில் சிறு நூல்களைத் துறை வழியாக வெளியிட்டார்; பள்ளி மாணவருக்கும் ஆசிரியருக்கும் பயிற்சி வகுப்புகள் நடத்தினார். எழுபதுகளில் கல்வெட்டுப் படிப்புக்கென்றே ஒரு நிறுவனம் துறைக்குள் உருவாயிற்று. சிதம்பரத்தில் 1981இல் நாட்டியாஞ்சலி தொடங்கியதிலும் அவருக்குப் பங்கு உண்டு. கோயில் முற்றத்தில் ஆடவும் பார்க்கவும் ஆண்டுதோறும் கூட்டம் வருவதையும் அவர் பாதுகாப்பின் ஒரு பகுதியாகவே கருதினார் என்று கொள்வதில் தவறில்லை.

இதில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது செங்கம் பகுதி நடுகற்கள். பல்லவர் காலத்தில் ஆநிரை மீட்டும் ஊர் காத்தும் செத்த வீரர்களுக்கு எடுத்த கற்கள் அவை. பலவற்றில் அரசனின் ஆட்சியாண்டோடு வட்டெழுத்து வாசகம் உண்டு. சிம்மவிஷ்ணு, மகேந்திரவர்மன் காலத்துக் கற்களும் அவற்றுள் அடங்கும். ஊரார் சிலவற்றை வேடியப்பன் என்று கும்பிட்டு வந்தார்கள். அந்தக் கற்கள் உடைபடாமல் தப்பியது பெரிதும் அந்தக் கும்பிடுதலால்தான். ஆனால் எழுத்து இன்னது என்று சொல்ல ஆள் இல்லை. நாகசாமியின் துறை அவற்றைத் தேடிப் படித்து, எழுபதுகளின் தொடக்கத்தில் ‘செங்கம் நடுகற்கள்’ என்ற நூலாகக் கொண்டுவந்தது. அரசர் பெயர்களால் மட்டுமே எழுதப்பட்டு வந்த பல்லவ வரலாற்றில், மாடு மீட்கப் போய் மாண்ட ஒருவன் பெயரோடும் ஊரோடும் இடம்பிடித்தான். இனி அந்தக் கல்லே களவு போனாலும் அதன் சொல் போகாது.

ஊரார் அன்பு மட்டுமே காப்பாற்றிவிடாதா என்று கேட்கலாம். 1836இல் கொள்ளிடத்தில் கீழணை கட்டியபோது, கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயில் மதிலைப் பெயர்த்துக் கற்களைக் கொண்டுபோனார்கள். ஊர் மக்கள் தடுத்தார்கள். தடுத்தவர்களுக்குத் தண்டனைதான் கிடைத்தது. பதிலுக்குச் செங்கல் சுவர் கட்டித் தருவதாகச் சொன்ன வாக்கும் காப்பாற்றப்படவில்லை. அன்புக்கு அங்கே குறைவில்லை. அந்த அன்பை வழக்காக்கிப் பேச ஓர் ஏடும் அதை ஏற்கும் மன்றமும் இல்லை. ஒன்றரை நூற்றாண்டு கழித்து இதே காவிரிப் படுகையில் அதன் மறுபக்கம் நடந்தது. பத்தூரில் 1976இல் ஒரு கூலித் தொழிலாளி மண் தோண்டுகையில் உலோகத் திருமேனிகள் கிடைத்தன. அவற்றுள் இருந்த நடராசர் கைமாறிக் கைமாறி லண்டன் சேர்ந்து, பொய்யான பூர்வீகக் கதையோடு 1982இல் கனடா நாட்டு நிறுவனம் ஒன்றுக்கு விற்கப்பட்டார். லண்டன் காவல்துறை சிலையைக் கைப்பற்றியது. வழக்கு லண்டன் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. சிலையில் ஒட்டியிருந்த மண்ணும் கறையான் தடமும் அங்கே சான்றாயின. நாகசாமி நிபுணராகச் சாட்சி சொல்லி, அதே புதையலில் கிடைத்த மற்றத் திருமேனிகளோடு இதன் வார்ப்பையும் அமைப்பையும் ஒப்பிட்டுக் காட்டினார். 1988இல் தீர்ப்பு பத்தூருக்குச் சாதகமாக வந்தது; மேல்முறையீட்டிலும் 1991இல் அதுவே நிலைத்தது. இடிந்து பாழான ஒரு கோயில் தனக்காக வழக்காட உரிமை பெற்றது என்று ஆங்கிலேய நீதிமன்றமே ஒப்புக்கொண்டது. கங்கைகொண்ட சோழபுரத்து மக்களுக்கு மறுக்கப்பட்டது பத்தூருக்குக் கிடைத்ததற்கு, காலம் மாறியது ஒரு காரணம். மண்ணையும் கறையானையும் வார்ப்பையும் சான்றாக எடுத்துப் பேசக்கூடிய படிப்பு நம் பக்கம் இருந்தது மற்றொரு காரணம்.

எழுதி வெளியிட்டால் திருடனுக்கு வழிகாட்டியதாகாதா என்ற எதிர்வாதத்தை அலட்சியம் செய்ய முடியாது. சிலையின் அருமை வெளியே தெரிந்தால் சந்தையில் விலை ஏறத்தான் செய்யும். ஆனால் களவுகளின் வரலாறு வேறு பாடம் சொல்கிறது. சிவபுரத்து நடராசரைப் பழுது பார்க்கக் கொடுத்த இடத்தில் போலி செய்து கோயிலுக்கு அனுப்பிவிட்டு, அசலைக் கடத்தினார்கள். கோயிலில் இருப்பது போலி என்பதை 1965இல் வெளியுலகுக்குச் சொன்னவர் பிரிட்டிஷ் மியூசியத்து டக்ளஸ் பாரெட். படிக்கத் தெரிந்த கண்தான் களவையே கண்டுபிடித்தது. அசல் அமெரிக்காவிலிருந்து 1986இல் திரும்பியது. ஸ்ரீபுரந்தான் நடராசரை ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008இல் 50 லட்சம் டாலர் கொடுத்து வாங்கியது. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் முன்பே கோயிலில் எடுத்துவைத்திருந்த புகைப்படம்தான் அதைத் திருட்டுச் சொத்து என்று நிறுவியது. 2014இல் சிலை இந்தியா வந்தது. ஒரு படம்கூட இல்லாத சிலை போனால், போனது என்று புகார் எழுதவே வழியில்லை. இதற்கெல்லாம் தலைமேல் வைத்துக் கொண்டாட வேண்டியவர்கள் அந்த ஆவணக்காரர்கள்.

இன்னொரு எதிர்வாதம் வாழ்கிறவர்களிடமிருந்து வருவது, இதைவிடக் கனமானது. அசோக் நகருக்குத் தெற்கே பல்லாவரத்தில்தான் 1863 மே 30 அன்று ராபர்ட் புரூஸ் ஃபூட் இந்தியாவின் முதல் பழங்கற்காலக் கருவியை அடையாளம் கண்டார். ஜமீன் பல்லாவரத்துப் பெருங்கற்கால ஈமச்சின்னங்கள் மத்தியத் துறையின் பாதுகாப்பில் உள்ளன. சட்டப்படி அந்த எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதிதாகக் கட்டக் கூடாது. அதற்கப்பால் 200 மீட்டருக்குள் அனுமதி வாங்க வேண்டும். வீட்டின் மேல் ஒரு மாடி எடுக்க முடியாமல் தவிக்கும் குடும்பத்திடம் மூவாயிரம் ஆண்டுப் பெருமை பேசுவது நியாயமாகாது. அவர்கள் கோபத்தில் நியாயம் உண்டு. ஆனால் அந்தக் கோபம் வேலிக்கு எதிரானது. அங்கே என்ன புதைந்திருக்கிறது, எது வரை புதைந்திருக்கிறது என்று முறையாக ஆய்ந்து வரைபடம் போட்டால், எங்கே கட்டலாம் என்பதும் அதிலேயே தெரியவரும். ஒரே அளவு நாடாவைத் தாஜ்மகாலுக்கும் ஜமீன் பல்லாவரத்துக்கும் நீட்டுவது, ஆய்வு செய்யாத சோம்பலைச் சட்டத்தால் மூடுவது.

நாகசாமியின் கருத்துகளைச் சொல்லி அவருடைய பணியையே தள்ளுகிறவர்களும் இருக்கிறார்கள். தமிழுக்கும் சமஸ்கிருதத்துக்குமான உறவு பற்றி 2012இல் அவர் வெளியிட்ட நூல் தமிழறிஞர்களின் கடும் மறுப்புக்கு உள்ளானது. அந்த மறுப்பில் வலுவான பகுதிகள் இருப்பதாகவே நான் நினைக்கிறேன். சங்க இலக்கியத்தின் தனித்தன்மையை அந்த நூல் குறுக்கிவிடுகிறது. மாமல்லபுரத்துச் சின்னங்கள் அனைத்தும் பல்லவ மன்னன் ராஜசிம்மன் காலத்தவையே என்று 1962இல் அவர் எழுதியதும் முடியாத விவாதம். 2018இல் பத்மபூஷண் பெற்று, 2022இல் அவர் மறைந்த பிறகும் இந்த வழக்குகள் ஓயவில்லை. ஓயத் தேவையும் இல்லை. அவரை மறுத்து எழுதுகிறவரும் தமிழின் எழுத்து வரலாற்றுக்குச் சான்று தேடும்போது செங்கத்து வட்டெழுத்துகளை எடுக்கிறார். எடுப்பதற்கு அவை அச்சில், வரி பிசகாமல், கிடைக்கின்றன.