துண்டுபட்டுச் சென்று ஒன்றுபடும் குரல்

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்திலிருந்து பிழைப்புத் தேடி வளைகுடா நாடுகளுக்குச் சென்றோரின் வீடுகளில் ஒரு காலத்தில் ஒலிநாடாவே கடிதமாக இருந்தது. ஜித்தாவில் அத்தா பேசிப் பதிந்ததை ஊர் திரும்பும் ஒருவர் பெட்டியில் வைத்துக் கொணர்வார். கேட்ட கேள்விக்கு விடை போய்ச் சேர மாதங்கள் ஆகும். பின்னர் எஸ்.டி.டி. கடைகள் வந்தன. கண்ணாடிக் கூண்டுக்குள் பேசுவோரின் கண்கள் கட்டணம் காட்டும் எண்களின் மீதே இருக்கும். இன்றோ கைப்பேசியில் கணக்கின்றிப் பேசுகின்றனர். இம்மாறுதல் நேர்ந்த விதத்தை விளக்க நம் ஊர் இரயில் சந்திப்பே போதும்.

பழைய தொலைபேசி முறையில், இருவர் பேசி முடிக்கும் வரை ஒரு தடம் முழுவதும் அவர்களுக்கே ஒதுக்கப்பட்டது. அவர்கள் மௌனமாயிருந்தாலும் வேறெவரும் அதில் நுழைய இயலாது. இணைய முறையில் தனித் தடம் இல்லை. குரலை வினாடிக்கு 8000 முறை அளந்து எண்களாக்குவர். அவ்வெண்களை வினாடிக்கு 50 துணுக்குகளாக வெட்டி, ஒவ்வொன்றின் தலையிலும் அனுப்புவோர் முகவரி, பெறுவோர் முகவரி, வரிசை எண், நேரக் குறி ஆகியவற்றைப் பொறித்து விடுவர். எல்லாத் துணுக்குகளும் ஒரே வழியில்தான் போக வேண்டுமென்பதில்லை. 2024 டிசம்பரில் விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையே பாலத்தை வெள்ளம் தொட்டபோது, சென்னை வண்டிகள் சில விழுப்புரத்திலிருந்து காட்பாடி வழியே திருப்பி விடப்பட்டன அல்லவா? அதுபோன்றதே இது.

முன்பின்னாக வரும் துணுக்குகளைச் சிறிது நேரம் நிறுத்தி, வரிசைப்படுத்தியே காதுக்குத் தருவர். மிகவும் பிந்தியதைக் கைவிடுவர். திரும்பக் கேட்டு வாங்குவதில்லை. எழுத்துக் கடிதத்தில் விடுபட்டதைப் பின்னர் நிரப்பலாம். பேச்சில் காலம் கடந்த அசை இடையூறே. வாயிலிருந்து காதுக்கு 150 மில்லி வினாடிக்குள் சேர்வதே நன்று என்பது உலகத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை.

இதன் முதல் சோதனை 1974இல் அமெரிக்காவில், ஆர்ப்பாநெட் என்னும் வலையில் நடந்தது. டேனி கோகன் அதற்கான விதிமுறையை வகுத்தார். ஆனால் அன்றைய குறுகிய வலை முழுக் குரலைச் சுமக்காது. அதைச் சுருக்க உதவிய கலையில் நம் நாட்டவர் ஒருவரின் பங்கு பெரிது. கான்பூரில் 1933இல் பிறந்து, பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பயின்று, அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் பணியாற்றிய பிஷ்ணு அதல் அவர். ஒலியலையை அப்படியே அனுப்புவதற்குப் பதில், தொண்டையில் எழும் ஒலியையும் வாய்க்குழல் கொள்ளும் வடிவையும் சில எண்களால் குறித்தனுப்பலாம் என்பது இக்கலையின் அடிப்படை. 1985இல் ஷ்ரோடருடன் அவர் வெளியிட்ட முறையே இன்றைய கைப்பேசிக் குரல்முறைகள் பலவற்றின் மூலம்.

மக்ரஜ் பாடம் ஓதியவர்க்கு இது புதிதாகத் தோன்றாது. எட்டாம் நூற்றாண்டில் கலீல் இப்னு அஹ்மத் தம் அகராதியை, எழுத்துகள் தொண்டையின் ஆழத்திலிருந்து உதடு வரை பிறக்கும் வரிசையில் அமைத்து, ‘ஐன்’ எழுத்தில் தொடங்கினார். தொல்காப்பியத்தின் பிறப்பியலும் காற்று எழுந்து நெஞ்சிலும் மிடற்றிலும் தலையிலும் நின்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் இவற்றால் எழுத்தாவதைக் கூறும். அவர்கள் செவியால் கண்டதைப் பொறியாளர் கணக்கால் கண்டனர்.

வணிகத்துக்கு இம்முறை 1995இல் வந்தது. இந்தியாவில் இணையத் தொலைபேசிக்கு அனுமதி கிடைத்ததோ 2002 ஏப்ரல் முதல் நாள். சவூதி அரேபியா தன் தடையை 2017 செப்டம்பரில்தான் நீக்கியது. வழி திறந்திருந்தும் வாயில் மூடியிருந்த அவ்வாண்டுகளில் ஏழைக் குடும்பங்கள் நிமிடத்துக்கு நிமிடம் கொடுத்த காசை நாம் சிறிதென்று கருதவில்லை.

ஆயினும் பழைய முறைக்கு ஒரு சிறப்பு உண்டு. கம்பித் தொலைபேசிக்கு இணைப்பகத்தின் மின்கலமே மின்சாரம் தந்தது. வீட்டில் விளக்கு அணைந்தாலும் அது பேசும். புயல் நாளில் மின்சாரம் நின்று, கைப்பேசிக் கோபுரத்தின் மின்கலமும் தீர்ந்துவிட்டால், ஜித்தாவிலிருந்து கடல் கடந்து வந்த துணுக்குகள் கடைசி ஒரு கல் தொலைவைக் கடக்க வழியின்றி நின்றுவிடும்.