7 பேர்ச் என்றால் எத்தனை புளொக்?

பெருநாள் முடிந்து பாடசாலைக்குப் போனபோது தரம் 8 பிள்ளை ஒருவன் பையிலிருந்து ஒரு சாமானை எடுத்துக் காட்டினான். பிளேஸ்டேஷன் வீட்டா. கையில் பிடித்து விளையாடுவது. குவைத்தில் வீட்டு வேலை செய்யும் அவனது தாய், அந்த வீட்டுப் பையன் பாவித்துப் போட்டதைக் கொண்டு வந்தாராம். உள்ளே ஒரே ஒரு கேம், மைன்கிராஃப்ட். பறித்து வைப்பதுதான் வழக்கம். வரலாறு படிப்பிக்கும் நாங்கள் இந்தமுறை அதை மேசையில் வைத்தோம்.

தெரியாதவர்களுக்காக: 2009இல் சுவீடனைச் சேர்ந்த மார்கஸ் பெர்சன் வெளியிட்ட விளையாட்டு இது. உலகமே புளொக்குகளால் ஆனது. மரம் வெட்டி, கல் உடைத்து, இருட்டுவதற்குள் ஒதுங்க ஓர் இடம் கட்ட வேண்டும். கட்டில் செய்து படுத்துவிட்டால், பிறகு செத்தாலும் அந்தக் கட்டிலடியில்தான் எழும்புவீர்கள்.

வீட்டாவுக்கு அது வந்தது 2014 ஒக்டோபரில். செய்து கொடுத்தது 4ஜே ஸ்டூடியோஸ், ஸ்கொட்லாந்து நிறுவனம், டண்டியிலும் அலுவலகம் உண்டு. இதைப் படித்ததும் எங்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. 1867இல் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை போட்ட ஜேம்ஸ் டெய்லரும் ஸ்கொட்லாந்துக்காரர்தானே. டண்டிக்குக் கிட்ட டன்சினன் என்று ஒரு குன்று இருக்கிறது. நம் பூண்டுலோயாவில் டன்சினன் தோட்டம்.

கணினியில் இந்த விளையாட்டின் உலகம் போய்க்கொண்டே இருக்கும். வீட்டாவில் 864க்கு 864 புளொக்தான். ஒரு புளொக் ஒரு மீட்டர் என்பதால் கிட்டத்தட்ட 184 ஏக்கர். "எங்க தோட்டம் இதவிடப் பெருசு டீச்சர்" என்றான் ஒருவன்.

அப்படியானால் லயத்தைக் கட்டுவோம் என்றோம். பழைய லயன் காம்பரா பத்துக்குப் பன்னிரண்டு அடி என்பார்கள். மூன்றுக்கு நான்கு புளொக், மொத்தம் 12. கட்டில் ஒன்று இரண்டு புளொக் பிடிக்கும். வீட்டில் ஆறு பேர் என்றான் பையன். ஆறு கட்டில் போட்டதும் தரை முடிந்தது. அடுப்புக்கு இடமில்லை. வகுப்பு முதலில் சிரித்தது, பிறகு சத்தமில்லை.

அதற்குப் பிறகு பாடம் தானாக நடந்தது. கோப்பிக் காலத்திலிருந்து வேலைக்காரரை அடைத்து வைக்கக் கட்டிய வரிசைகள் இவை. 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. 1972இலும் 1975இலும் தோட்டங்கள் அரசுடைமையாகின, 1992இல் கம்பனிகளிடம் போயின. கை மாறியதெல்லாம் தோட்டம்தான். காம்பராவில் இருந்தவருக்கு உறுதிப் பத்திரம் வரவில்லை.

7 பேர்ச் கதையும் வந்தது. 2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் மேலும் 10,000 வீடுகள் என்றார். 2018 ஆகஸ்ட் 12இல் அதே டன்சினனில் 404 வீடுகள் கையளிக்கப்பட்டன. 7 பேர்ச் ஏறக்குறைய 177 சதுர மீட்டர், அதாவது பதின்மூன்றுக்குப் பதின்மூன்று புளொக். பிள்ளைகள் அந்த அளவுக்கு நிலத்தைச் சமப்படுத்தி ஓரத்தில் வேலி போட்டார்கள். "இவ்வளவு இடமா!" என்றாள் ஒருத்தி. "இவ்வளவுதானா?" என்றான் பக்கத்தில் இருந்தவன். இரண்டும் சரிதான்.

வீட்டாவின் காலம் முடிந்துவிட்டது. இந்தப் பதிப்புக்கு இனிப் புதியது எதுவும் வராது என்று 2018 டிசம்பரில் அறிவித்தார்கள். 2019இல் சோனி வீட்டா தயாரிப்பதையே நிறுத்தியது. 2021இல் அதன் இணையக் கடையையும் மூடப் பார்த்து, விளையாடுவோர் எதிர்த்ததும் விட்டுவிட்டது. ஆனாலும் நெட் இல்லாமல் ஓடும். சிக்னல் இல்லாத எங்கள் டிவிஷனில் அதற்குத்தான் மதிப்பு. பிள்ளைகள் கட்டிய லயம் மெமரி காட்டில் அப்படியே கிடக்கிறது.

அடுத்த கிழமை எல்லோரும் தங்கள் காம்பராவை அளந்து வருகிறார்கள். அளவு டேப் இரண்டுதான் இருக்கிறது, மிச்சமுள்ளவர்கள் தந்தால் நல்லது. வீட்டாவின் பழைய மாடல் சார்ஜர் வயர் ஹட்டனில் எங்கேயும் கிடைக்கவில்லை. யாரிடமாவது இருந்தால் இன்பொக்ஸில் சொல்லுங்கள்.