டேமுக்கு எவ்ளோ தூரம்?

கிரிவலம் முடிச்ச கையோட மெட்ராஸ்காரங்க கேக்குற அடுத்த கேள்வி இதுதான். திருவண்ணாமலையில இருந்து சாத்தனூர் சுமார் 30 கிலோமீட்டர். பூங்கா, முதலைப் பண்ணை, சுடச்சுட மீன் வறுவல். காணும் பொங்கலுக்கு நிக்க இடம் இருக்காது.

ஆனா காமராசர் ஆட்சியில், 1958-ல் தென்பெண்ணைக்குக் குறுக்கே இதைக் கட்டி முடித்தது வேடிக்கை பார்க்க இல்லீங்க, பாசனத்துக்கு. நீர்மட்டம் 119 அடி, கொள்ளளவு 7,321 மில்லியன் கன அடி. இடது, வலது கால்வாய்த் தண்ணீர் ஏரிகளை நிரப்பினால்தான் திருவண்ணாமலை, விழுப்புரம் பக்கம் பல ஊர்களில் நடவு. நீங்க செல்ஃபி எடுக்குற அந்தத் தண்ணி எத்தனை அடின்னுதான் நாங்க பேப்பர்ல தேடுவோம். நவரைப் பட்டத்துக்கு நாத்து விடலாமா வேணாமான்னு அதுதான் சொல்லும்.

நிரம்பினாலும் பயம்தான். 2024 டிசம்பர் 2 விடியக்காலையில, ஃபெஞ்சல் புயல் மழையில விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்தாங்க. கீழே கடலூர் வரைக்கும் வயலும் வீடும் முழுகிப்போச்சு.

போயிட்டு வாங்க. மீன் சாப்பிட்டுட்டுத் திரும்புறப்ப, கால்வாய்ல தண்ணி ஓடுதான்னு மட்டும் பார்த்துச் சொல்லுங்க.