சங்கிலி செகராசசேகரன் அரசு கைக்கொண்ட வரலாறு

யாழ்ப்பாணத்தரசர் பலருள்ளும் பொதுமக்கள் நாவில் இன்றளவும் நின்று நிலவும் பெயர் சங்கிலி என்பதொன்றே. நல்லூரிலே சங்கிலித்தோப்பு என்னும் நிலமும், அதன்கண் நிற்கும் வாயில் வளைவும் அப்பெயரை நினைவூட்டுகின்றன. முத்திரைச் சந்தியிலே 1974-ஆம் ஆண்டு நிறுவப்பெற்றுப் பின் 2011-இல் புதுக்கப்பெற்ற சிலை, அவனைக் குதிரைமேல் வாளேந்திய வீரனாகக் காட்டுகின்றது. ஆயின், அன்னிய ஆட்சியை எதிர்த்த வீரன் என ஒருசாரார் போற்றும் இவனையே, உடன்பிறந்தாரைக் கொன்று முடிசூடிய கொடுங்கோலன் என யாழ்ப்பாண வைபவமாலை கூறுகின்றது. இக்காலத்தார் சர்வாதிகாரி என வழங்கும் சொல்லுக்கு ஈழத்துத் தமிழர் வரலாற்றில் ஓர் எடுத்துக்காட்டு வேண்டுவார் முதற்கண் சுட்டுவதும் இவனையே. அவன் இளமையும் அவன் அரசெய்திய வகையும் எத்துணை மெய்யென்பது ஆராயத்தக்கது.

வைபவமாலை கூறும் கதை இது. சிங்கைப் பரராசசேகரனுக்குப் பட்டத்தரசியாகிய இராசலட்சுமியிடத்துச் சிங்கபாகு, பண்டாரம் என இரு மைந்தர் பிறந்தனர். இரண்டாம் மனைவியாகிய வள்ளியம்மையிடத்துப் பரநிருபசிங்கம் முதலானோர் பிறந்தனர். மங்கத்தம்மாள் என்னும் காமக்கிழத்தி வயிற்றிற் பிறந்தவன் சங்கிலி. பரவை என்பாள் அவன் தங்கை. ஆகவே முடியுரிமை வரிசையில் அவனுக்கு இடமேயில்லை. அவ்வரிசையைக் குறைத்தற்கு அவன் கண்ட வழி கொலையாயிற்று. மூத்தவனாகிய சிங்கபாகு நஞ்சால் இறந்தான். அரசன் இளையவனாகிய பண்டாரத்துக்குப் பட்டமளித்துவிட்டு, மகாமக தீர்த்தமாடும்பொருட்டுக் கும்பகோணஞ் சென்றான். அங்கே சங்கிலி விளைத்த கலகத்தினாலே சோழராசன் அவனைச் சிறையிட, அரசனும் அகப்பட, பரநிருபசிங்கமே பொருது மீட்டான். இவ்வுதவிக்காக அவனுக்குக் கள்ளியங்காடு, மல்லாகம், சண்டிருப்பாய், அராலி, அச்சுவேலி, உடுப்பிட்டி, கச்சாய் என்னும் ஏழூர்கள் வழங்கப்பட்டன. பின்னர்ப் பூங்காவில் உலாவிய பண்டாரத்தைச் சங்கிலி வாளாற் கொன்றான். மருத்துவத்தில் வல்லவனாகிய பரநிருபசிங்கம் கண்டியரசன் தேவியின் நோய் தீர்க்கச் சென்றிருந்த வேளை பார்த்து அரசையும் கைப்பற்றினான்.

கதை சுவையுடையது, அச்சுவையே ஐயத்துக்கும் இடந்தருகின்றது. பண்டாரம் வெறும் பெயராய் வந்து மறைய, பரநிருபசிங்கமோ வீரனும் மருத்துவனும் தந்தையின் உயிர் காத்தவனுமாய் விளங்குகின்றான். அவன் பெற்ற ஏழூர்களும் ஒவ்வொன்றாய் எண்ணிச் சொல்லப்படுகின்றன. ஊர்ப்பெயர் ஒன்றும் விடுபடாமல் நினைவிற் காத்தவர் யார் என்று வினவினால், அவ்வூர்களில் உரிமை பேணிய குடிகளே என்பது தானே போதரும். கொடுங்கோலன் இளமைக்கதை அவனுக்குத் தோற்றவர் இல்லத்திலிருந்து வந்திருக்கின்றது. இங்கிலாந்திலே 1485-இல் போர்க்களத்தில் வீழ்ந்த மூன்றாம் றிச்சேட் மன்னனுடைய கதையை அவனை வென்ற தியூடர் குலத்தார் காலத்து நூலோர் எழுதிய வகையும் இத்தகையதே.

காலமுரண் இன்னும் வெளிப்படையானது. சோழப் பேரரசு 13-ஆம் நூற்றாண்டிலேயே முடிவெய்தியது. சங்கிலி இளைஞனாயிருந்த காலத்துக் கும்பகோணம் விசயநகரப் பேரரசின் ஆணைக்குள் இருந்தது. அரசனைச் சிறையிடச் சோழராசன் ஒருவன் அங்கே இருந்திலன். மாதகல் மயில்வாகனப் புலவர் வைபவமாலையை இயற்றியது ஒல்லாந்தர் ஆட்சியிலே, 1736-ஆம் ஆண்டளவில். சங்கிலி அரசெய்திய காலமோ 1519 அளவினது. இடையிலே இருநூறாண்டுக்கு மேற்பட்ட காலம் கழிந்துளது. கைலாயமாலை, வையாபாடல், பரராசசேகரன் உலா, இராசமுறை முதலியவற்றைத் துணைக்கொண்டே புலவர் எழுதினார். கைக்கெட்டியவற்றைத் தொகுத்துக் காத்த நன்றி அவர்க்கு என்றும் உரியது. பிழை அவரது அன்று, காலத்தின் பிழை.

எனினும் பெரும்பிழை ஒன்று உளது. வைபவமாலையார்க்குச் சங்கிலி ஒருவனே. போத்துக்கேயர் எழுதிவைத்த ஏடுகளோ இருவரைக் காட்டுகின்றன. ஏறத்தாழ 1519 முதல் 1561 வரை ஆண்ட செகராசசேகரன் ஒருவன். 1617-இல் ஆட்சியைப் பறித்து 1619-இல் அதனை இழந்த சங்கிலி குமாரன் மற்றொருவன். இருவருக்குமிடையே அரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட இடைவெளியுண்டு. முதலியார் இராசநாயகமும் சுவாமி ஞானப்பிரகாசரும் அன்னிய நாட்டார் குறிப்புக்களோடு ஒப்புநோக்கி இவ்வேற்றுமையைத் தெளிவாக்கினர். வைபவமாலையிலே சங்கிலி பறங்கியராற் பிடிபட்டுக் கொலைத்தண்டம் பெறுகின்றான். அம்முடிவு இரண்டாமவனுக்குரியது. முதலாமவனோ போத்துக்கேயர் கையிற் சிக்கியவனல்லன். முடிவு ஒருவனிடமிருந்து மற்றவனுக்குப் பெயர்ந்ததாயின், தொடக்கமும் அவ்வாறு பெயர்ந்திருத்தல் கூடும்.

இரண்டாமவன் அரசேறிய வகை ஐயத்துக்கு இடமின்றித் தெரிகின்றது. போத்துக்கேயர் 1591-இற் படையெடுத்துப் புவிராச பண்டாரத்தைக் கொன்று எதிர்மன்னசிங்கனை அரியணையேற்றினர். அவன் இறந்தபின் அவன் மகன் சிறுகுழந்தையாயிருந்தமையால், அரசகேசரி அரசு காவல் பூண்டான். இரகுவமிசத்தைத் தமிழிற் பாடிய அரசகேசரி இவனே எனக் கருதுவாரும் உளர். சங்கிலி குமாரன் அரசகேசரியையும் அரசகுலத்து இளவரசரையும் கொன்று ஆட்சியைத் தன்வயப்படுத்தினான். குருதியுறவினரைக் கொன்று அரசு கொண்ட ஒருவன் மெய்யாகவே இருந்தான் என்பது இதனாற் பெறப்படும். 1617-இன் கொலைகளைக் கேட்டறிந்த தலைமுறை அவற்றைப் பேரனுக்குப் பேரனிடம் சொல்லிவர, பெயரொற்றுமையால் அவை முந்திய சங்கிலியின் இளமையோடு கலந்தன எனக் கோடல் பொருத்தமுடைத்து. நஞ்சும் பூங்காவும் கதைக்கட்டின் அணிகளாகலாம்.

அவ்வாறாயின் முதலாமவன் குற்றமற்றவனோ எனின், அதுவுமன்று. அவன் காலத்திலேயே எழுதப்பட்ட சான்று ஒன்றுண்டு. புனித பிரான்சிஸ் சவேரியார் 1545-இல் எழுதிய மடலிலே, யாழ்ப்பாணத்தரசனுக்கு உடன்பிறந்தான் ஒருவன் உளன் என்றும், முடிக்குரியவன் அவனே என்றும், உயிருக்கு அஞ்சி நாட்டைவிட்டு நீங்கியுள்ளான் என்றும் கூறுகின்றார். சவேரியார் நடுநிலையாளர் அல்லர். அவ்விளவரசன் அரசு பெற்றாற் சமயம் மாறுவான் என்பது அவர்தம் எதிர்பார்ப்பு. ஆயினும் பரநிருபசிங்கத்தின் வழியினரையும் அவர்தம் ஏடுகளையும் அறியாத பிறநாட்டார் ஒருவர், ஏறத்தாழ இருநூறாண்டு முன்னதாக, அரசுரிமை முறைபிறழ்ந்ததென்றே எழுதியுள்ளமை புறக்கணிக்கத்தக்கதன்று. முடியைப் பறித்தான் என்பது மெய். எவ்வாறு பறித்தான் என்பதே கதை.

வைபவமாலை கூறாது விட்ட பகுதி ஒன்றுளது. நஞ்சும் வாளும் ஓரிரவிலே ஒருவனை அரண்மனைக்கு உரியவனாக்கலாம். நாற்பதாண்டு ஆளச்செய்தல் அவற்றாலாகாது. முதலிகளும் படைத்தலைவரும் துறைமுக வணிகரும் அவனை ஏற்றிருத்தல் வேண்டும். யாழ்ப்பாணத்தரசின் செல்வம் முத்துக்குளிப்பிலும் யானை வாணிகத்திலும் துறைமுக வரியிலும் நின்றது. இம்மூன்றின்மேலும் போத்துக்கேயர் கண்வைத்த காலம் அது. கடலோரம் சிதைந்து கரையொதுங்கும் கப்பலின் பொருள் அரசனுக்கே உரியது என்னும் பழைய வழக்கை அவன் விட்டுக்கொடானாயினன். முறைப்படி வந்த அரசனினும், வலிய கையுடைய அரசனை அன்றைய தலைவர்கள் விரும்பியிருத்தல் இயல்பே.

அவ்வலிய கை எத்தன்மையது என்பதை 1544 காட்டிற்று. முந்திய ஆண்டிலே மார்ட்டின் அபொன்சோ தெ சூசா என்னும் போத்துக்கேய ஆளுநன் கப்பற்படையோடு வந்தபோது சங்கிலி திறை தர இசைந்திருந்தான். மறு ஆண்டிலே மன்னார்க் கரையோர மக்கள் கிறித்தவத்தைத் தழுவினர். புதுச்சமயத்தோடு புதிய அரசபத்தியும் உடன்வரும் என்பதைப் பரதவர் கரையிற் கண்டிருந்த சங்கிலி, படையோடு சென்று அறுநூற்றுவர்க்கு மேற்பட்டோரைக் கொல்வித்தான். முடிக்குரிய உடன்பிறந்தான் போத்துக்கேயர் துணையை நாடி நின்றமையும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது. பறித்த அரசினன் எவ்விடத்தும் மாற்றான் கையையே காண்பான். அரசியற் காரணம் எதுவாயினும், மாண்டவர் படைக்கலம் ஏந்தியவரல்லர். மீன்பிடித்து வாழ்ந்த எளியோர். அன்னியரை எதிர்த்தான் என்னும் புகழ் இக்கொலையை மறைத்தற்குப் போதாது.

பழிவாங்க எண்ணிய போத்துக்கேயர் 1545-இற் படை திரட்டியும், பெகு நாட்டிலிருந்து வந்த அவர்தம் கப்பல் ஒன்று யாழ்ப்பாணக் கரையிலே தட்டி அதன் பொருள் சங்கிலி கையில் அகப்பட்டமையால், அப்பொருளை மீட்கும் நோக்கத்தோடு அம்முயற்சியைக் கைவிட்டனர். பின்னர் 1560-இலே பதிலரசன் கொன்ஸ்தந்தீனு தெ பிறகன்சா பெரும்படையோடு வந்து நல்லூரைக் கைப்பற்றினான். சங்கிலி வன்னிப்பக்கம் ஒதுங்கிப் பின் உடன்படிக்கைக்கு இசைந்தான். ஆயினும் குடிகள் படையெடுத்தவருக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தமையால் போத்துக்கேயர் நல்லூரை விட்டு நீங்கி, மன்னாரை மாத்திரம் தமதாக்கி அங்கே கோட்டை கட்டினர். குடிகள் எழுந்தது சங்கிலியின்மேல் வைத்த அன்பினாலோ, வந்தவர்மேற் கொண்ட வெறுப்பினாலோ? பிற்பட நிகழ்ந்ததை நோக்குமிடத்து இரண்டாவதே பொருத்தமெனத் தோன்றுகின்றது. ஏனெனில், ஏறத்தாழ ஓராண்டுக்குள் அவனுடைய மகன் புவிராச பண்டாரம் தந்தையை அரியணையினின்று நீக்கித் தானே முடிசூடினான். நாற்பதாண்டு ஆண்டவனுக்காக அப்போது நல்லூர் எழுந்திலது.

இரண்டாமவனுக்கு அத்துணைக் காலமும் வாய்த்திலது. அரசு கவர்ந்த மறு ஆண்டே மிகப்பிள்ளை ஆராய்ச்சி என்பான் தலைமையிற் கலகம் மூண்டது. சங்கிலி குமாரன் ஊர்காவற்றுறைக்கு ஓடித் தஞ்சை நாயக்கன் அனுப்பிய படையைத் துணைக்கொண்டே மீண்டான். 1619-இலே பிலிப் தெ ஒலிவேறா படைநடத்தி வந்தபோது கடல்கடந்து தப்ப முயன்று பிடிபட்டான். அவனைக் கோவாவுக்குக் கொண்டுபோய்க் கொலைத்தண்டம் விதித்தனர். அவனால் உயிர்நீத்த இளவரசருள் ஒருவரேனும் எஞ்சியிருப்பின், நல்லூரின் எதிர்ப்புக்குத் தலைமை தாங்க அரசகுலத்தான் ஒருவன் அன்று கிடைத்திருப்பான்.