சரியான காரணத்துக்காக வெட்கப்படுதல்

83 ஜூலைக் கதைகள் அம்மம்மாமார் சொல்லிச் சொல்லி எங்கட காதில ஏறியவை. எரிந்த கடைகள், வெலிக்கடைச் சிறை, வடக்குக்குக் கப்பலில வந்த சனம். ஆனால் அதே வருடம் ஒரு சிங்கள ஆயர் தன்ர சொந்தச் சனத்துக்கு என்ன சொன்னார் எண்டு எங்களில எத்தனை பேருக்குத் தெரியும்?

அவர் லக்ஷ்மன் விக்கிரமசிங்க, குருநாகல் அங்கிலிக்கன் ஆயர். 1927இல் செல்வாக்கான குடும்பத்தில் பிறந்து, ஒக்ஸ்போர்ட் வரை போய்ப் படித்தவர். 1962இல், 35 வயதிலேயே ஆயரானார்.

1971 கிளர்ச்சியில் சிங்கள இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டும் சிறைபிடிக்கப்பட்டும் இருந்த வருடத்தில் சிவில் உரிமைகள் இயக்கம் உருவானது. அதைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். பிறகு அதன் தலைவராகவும் இருந்தார். 1979இல் பயங்கரவாதத் தடைச் சட்டம் வந்தபோது இதே இயக்கம் அதையும் எதிர்த்தது. சிறைக்குள்ள இருக்கிறவன் சிங்களவனா தமிழனா எண்டு பார்த்து நியாயம் பேசவில்லை.

83 ஜூலையில் அவர் வெளிநாட்டில் இருந்தார். திரும்பி வந்து பாதிக்கப்பட்டவர்களைச் சந்தித்தார், யாழ்ப்பாணத்துக்கும் போனார். செப்டம்பரில் தன்ர மறைமாவட்டத்துக்கு ஓர் உரை நிகழ்த்தினார். அண்ணன் எஸ்மண்டின் மகன் ரணில் அப்போது ஆட்சியில் அமைச்சர். அப்படியிருந்தும் அவர் மழுப்பவில்லை. நடந்ததை எந்த அறத்தாலும் நியாயப்படுத்த ஏலாது, சிங்களவர்கள் வெட்கப்பட வேண்டும் எண்டார். ஒரு சிலர் செய்ததால எங்கட நல்ல பேர் கெட்டுப்போச்சு எண்டு வெட்கப்பட்டால் போதாது. நடந்தது அறக்குற்றம், மற்றச் சிங்களவர்கள் செய்த அந்தக் குற்றத்துக்காகச் சிங்களவராக நாங்கள் வெட்கப்பட வேண்டும் என்பதுதான் அவருடைய வாதம்.

1983 ஒக்டோபர் 23இல் அவர் இறந்தார். வயது 56. அந்த உரை போரை நிறுத்தவில்லைதான்.

ஆனால் அந்த வாதம் சிங்களவர்களுக்கு மட்டும் உரியதில்லை. ஏழு வருடம் கழித்து, 1990 ஒக்டோபரில், புலிகள் வடக்கில் இருந்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். அது எங்கட பெயரால் நடந்தது. அதைப் பற்றிப் பேசேக்க நாங்கள் எதுக்கு வெட்கப்படுகிறோம்? போராட்டத்தின் பேர் கெட்டதுக்கா, அந்தச் சனம் வீடு வாசலை விட்டுப் போனதுக்கா?