பெயர் ஒரு சிலந்திக்கு, நஞ்சு மற்றொன்றுக்கு

தென் இத்தாலியின் துறைமுக நகரான தரந்தோவின் பெயரிலிருந்து பிறந்த சொல் ‘டாரன்டுலா’. அப்பகுதி வயல்களில் வளை தோண்டி வாழும் பெரிய ஓநாய்ச் சிலந்தியையே அது முதலில் குறித்தது. இன்று அப்பெயரால் அறியப்படும் மயிரடர்ந்த சிலந்திகள் வேறு குடும்பத்தவை. அமெரிக்கக் கண்டங்களில் அவற்றைக் கண்ட ஐரோப்பியர் பழைய பெயரையே அவற்றுக்கும் இட்டனர்.

ஓநாய்ச் சிலந்தி கடித்தவர் சோர்ந்து விழுவர், நடுங்குவர், உரிய இசை ஒலித்தால் நாள்கணக்கில் ஆடித் தேறுவர் எனப் பல நூற்றாண்டுகள் நம்பப்பட்டது. இந்நிலை ‘டாரன்டிசம்’ எனப்பட்டது. 17ஆம் நூற்றாண்டில் அதானசியஸ் கிர்ச்சர் அந்த மெட்டுகளை நூலில் பதிவு செய்தார். மருத்துவர் ஜியார்ஜியோ பாக்லிவி தனி ஆய்வுரை எழுதினார்.

ஆனால் ஓநாய்ச் சிலந்தியின் கடி பொதுவாகச் சிறு வலிக்கும் வீக்கத்துக்கும் மேல் தீங்கு செய்வதில்லை. கொடிய நஞ்சு அதே நிலத்தில் வாழும் சிறியதொரு சிலந்தியிடம் இருந்தது. கரிய உடலில் செம்புள்ளிகள் கொண்ட அது, கறுப்பு விதவைச் சிலந்திகளின் இனம். அதன் நஞ்சிலுள்ள ஆல்ஃபா-லாட்ரோடாக்சின், நரம்பு முனைகளிலிருந்து செய்தி கடத்தும் வேதிப்பொருள்களைக் கட்டின்றி வெளியேறச் செய்கிறது. கடும் தசைப்பிடிப்பு, மிகுந்த வியர்வை, இரத்த அழுத்த உயர்வு, பலகைபோல் இறுகிய வயிறு ஆகியவை அதன் விளைவுகள். கடித்த இடத்திலோ பெரிய காயம் தெரிவதில்லை. கண்ணுக்குப் பெரிதாகத் தெரிந்த சிலந்தி பழி சுமந்ததற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

எனினும் சிலந்தியை மாற்றிச் சொல்வதால் மட்டும் சிக்கல் தீரவில்லை. 1959இல் எர்னெஸ்டோ தெ மார்ட்டினோ, மனநல மருத்துவரும் இசை ஆய்வாளரும் உடன்வர, சாலெண்டோ பகுதியில் களஆய்வு செய்தார். பாதிக்கப்பட்டோரில் பெரும்பாலோர் வறிய உழவுக் குடும்பப் பெண்கள். ஒருமுறை ‘கடிபட்ட’ பெண்ணுக்கு ஆண்டுதோறும் கோடையில், ஜூன் 29ஆம் நாள் வரும் புனித பவுல் திருவிழாவை ஒட்டி, அதே துன்பம் திரும்பியது. எந்த நஞ்சும் நாள் பார்த்துத் திரும்புவதில்லை. கைகூடாக் காதல், விரும்பாத மணம், உற்றாரின் சாவு ஆகியவை அவர்களின் வாழ்க்கைக் கதைகளில் இருந்தன.

இது நஞ்சா, நடிப்பா என்றே மருத்துவர்கள் நெடுங்காலம் வாதிட்டனர். அவ்விரண்டுக்கும் வெளியே இருந்த துயரை அவ்வாதம் காணவில்லை. 1961இல் வெளிவந்த தம் நூலுக்கு தெ மார்ட்டினோ இட்ட பெயர் ‘லா தெர்ரா தெல் ரிமோர்சோ’. ‘ரிமோர்சோ’ என்பதற்கு இத்தாலியத்தில் மனவுறுத்தல் என்பது பொருள். பிரித்துப் படித்தால், மீண்டும் கடித்தல்.