உலர்புல்லும் பிண்ணாக்கும்

இன்று நான் பேச எடுத்துக்கொண்டது செம்மறியாட்டின் தீவனம். வரலாற்றுச் சொற்பொழிவில் ஆட்டுத் தீவனத்துக்கு என்ன வேலை என்று உங்களுள் சிலர் புன்னகை செய்யலாம். முப்பதாண்டுகள் வகுப்பில் வரலாறு கற்பித்தவன் என்னும் உரிமையில், சற்றே பொறுத்துக் கேட்குமாறு வேண்டுகிறேன்.

இங்கிலாந்தில் குளிர்காலத்தில் மேய்ச்சல் அருகிவிடும். ஆகவே கோடையில் புல்லை அறுத்து, வெயிலில் உலர்த்திப் போர் போட்டு வைப்பார்கள். இஃது நம் வைக்கோல் அன்று. வைக்கோல் கதிர் அடித்தபின் எஞ்சும் தாள், இது பசுமையில் அறுத்த உலர்புல். எனினும் முற்றிய புல்லிலும் மழையில் நனைந்த புல்லிலும் சத்துக் குறைவு. அதனை மட்டுமே தின்ற ஆடு உயிர் தரித்திருக்கும்; சதை பிடிக்காது.

பதினெட்டாம் நூற்றாண்டில் நார்ஃபோக் பகுதியில் டர்னிப்புக் கிழங்கைப் பயிரிட்டு, அந்த வயலிலேயே ஆடுகளை அடைத்து மேய்த்தனர். நம்மூரில் கிடை போடுவதை இதற்கு ஒப்பிடலாம். நிலத்துக்கு எருவும் கிடைத்தது. 1730-இல் அரசியலை விட்டு விலகித் தம் பண்ணைக்குத் திரும்பிய டவுன்ஷெண்டு பிரபுவே இதைத் தொடங்கினார் என்று பழைய பாடநூல்கள் கூறும். அவருக்கு முன்பே அங்கே டர்னிப்பு விளைந்தது. பிரபுவின் பெயர் நிலைத்தது; உழவர்களின் பெயர் மறைந்தது.

கிழங்கின் துணைக்குப் பிண்ணாக்கு வந்தது. ஆளிவிதையை ஆட்டி எண்ணெய் எடுத்தபின் எஞ்சும் சக்கை ஆட்டுக்கு உணவாயிற்று. எவ்வளவு கொடுத்தால் எவ்வளவு பயன்? ஜெர்மானிய வேளாண் அறிஞர் ஆல்பிரெக்ட் தேயர், நூறு பவுண்டு உலர்புல்லுக்கு எந்தத் தீவனம் எத்தனை பவுண்டு ஈடாகும் என்று பட்டியல் வகுத்தார். உலர்புல்லே படிக்கல்லாயிற்று. 1843-இல் ரோதாம்ஸ்டெட் ஆய்வுப் பண்ணையைத் தொடங்கிய லாஸ் என்பாரும் அவருடைய துணைவர் கில்பெர்ட்டும் அப்படிக்கல்லோடு அமையவில்லை. ஆடுகளுக்குப் பிண்ணாக்கும் க்ளோவர் உலர்புல்லும் கிழங்கும் கொடுத்து, தின்றதையும் கூடிய எடையையும் நிறுத்துக் கணக்கெழுதினார்கள்.

சிறிதளவு பிண்ணாக்கு ஏன் பெரும் பயன் தருகிறது என்பது பின்னரே விளங்கிற்று. ஆட்டின் முதல் இரைப்பையில் கோடானுகோடி நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. புல்லின் நாரைச் சிதைப்பவை அவையே. அவை பெருக நைட்ரஜன் வேண்டும். முற்றிய உலர்புல்லில் அது போதாது. ஆகவே நார் மெல்லச் சிதைகிறது, வயிறு நிறைந்தே கிடக்கிறது, ஆடு மேலும் தின்ன இயலாமல் நிற்கிறது. பிண்ணாக்கு சேர்ந்ததும் நுண்ணுயிர்கள் பெருகுகின்றன. உலர்புல் விரைந்து செரிக்கிறது. ஆடு முன்னிலும் மிகுதியாக உலர்புல்லையே தின்கிறது! சுண்ட்ஸ் என்னும் ஜெர்மானியர் 1891-இல் இந்நுண்ணுயிர்கள் எளிய நைட்ரஜன் பொருள்களையும் பயன்படுத்தக்கூடும் என்று கருத்துரைத்தார். ஹங்கேட் என்னும் அமெரிக்கர் 1966-இல் இவற்றைப் பற்றித் தனி நூலே எழுதினார்.

லாஸ் கண்ட மற்றோர் உண்மைக்கு வருவோம். பிண்ணாக்கிலுள்ள நைட்ரஜனின் பெரும் பகுதி ஆட்டின் உடலில் தங்குவதில்லை. சாணத்திலும் சிறுநீரிலும் வெளியேறி நிலத்தைச் சேர்கிறது. ஆகவே பிண்ணாக்கு வாங்கிய குத்தகைதாரர், நிலத்துக்கும் உரம் வாங்கியவராகிறார். 1875-ஆம் ஆண்டின் சட்டமொன்று, நிலத்தை விட்டு நீங்கும் குத்தகைதாரருக்கு இதற்காக இழப்பீடு தர வழி வகுத்தது. பிண்ணாக்கின் எருமதிப்பை அந்நாட்டார் காசு கணக்கில் அறிந்திருந்தனர்.

அந்த விதைகள் எங்கிருந்து வந்தன? ஒரு பகுதி இந்தியாவிலிருந்து. கல்கத்தாவிலும் பம்பாயிலும் ஆளிவிதை கப்பலேறி ஹல் துறைமுகத்து ஆலைகளை அடைந்தது. தென்னார்க்காட்டு நிலக்கடலை புதுச்சேரி வழியாகப் பிரான்சின் மார்சேல் நகருக்குச் சென்றது. தாது வருடப் பஞ்சம் (1876–78) கண்ட அதே தலைமுறையில், நம் மானாவாரி நிலத்தின் சத்து மூட்டை மூட்டையாகக் கடல் கடந்தது. எண்ணெயை மட்டும் அனுப்பியிருந்தால் இழப்பு சிறிது. எண்ணெயில் நைட்ரஜன் இல்லை. விதையாகவே அனுப்பியதால் பிண்ணாக்கும் உடன் போயிற்று. அங்கே கால்நடை கொழுத்தது, அங்கே வயல் விளைந்தது. இதைக் கற்பிக்கும்போது மாணவர்களிடம் வழக்கமாக ஒரு வினா கேட்பேன்: ஏற்றுமதிக் கணக்கில் இந்த இழப்பை எந்தப் பத்தியில் எழுதுவீர்கள்?

அவ்வினாவை ஓர் ஆங்கிலேயரே எழுப்பினார் என்பது குறிப்பிடத்தக்கது. இங்கிலாந்து அரச வேளாண் கழகத்தின் வேதியியலார் ஜான் அகஸ்டஸ் வோல்க்கர், இந்திய அரசுக்காக 1889 முதல் 1891 வரை ஆய்வு நடத்தினார். எண்ணெய் வித்து ஏற்றுமதியால் நாட்டின் எருவளம் வெளியேறுவதையும், எண்ணெயை இங்கேயே எடுத்தால் பிண்ணாக்கு இங்கேயே தங்கும் என்பதையும் தம் அறிக்கையில் எடுத்துரைத்தார். அவ்வறிக்கை 1893-இல் லண்டனில் அச்சாயிற்று. அதே 1893-இல், உரத்திலும் கால்நடைத் தீவனத்திலும் நடக்கும் கலப்படத்தைத் தடுக்கப் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. ஆங்கிலேய உழவர் வாங்கும் பிண்ணாக்குக்குச் சட்டத்தின் காவல் கிடைத்தது. புதுச்சேரித் துறையிலோ கடலை மூட்டைகள் தொடர்ந்து கப்பலேறின.